பதினெட்டு நாள் முன்னதாகப் போன துக்கம்

பெல்மல்லெட்,
வியாழக்கிழமை.

அன்புள்ள ரூரிக்கு அம்மா எழுதுவது. நீயும் டெஸ்ஸாவும் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, மனசு நிறைவாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே மழை வழக்கம்போல. உன் அப்பா ஆட்டுத் தொழுவத்திலேயே குடியிருக்கிறார். இந்த வருஷம் நாற்பத்தொரு குட்டி, மூன்று தங்கவில்லை, மற்றதெல்லாம் நன்றாகத் துள்ளுகின்றன. கடல் தாண்டி இங்கிலீஷ்காரர் ஊரான கவென்ட்ரிக்குப் போய்வந்த கதையை நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், நானும் அப்புறம் அப்புறம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். போனில் சொன்னால் நடுவில் நீ சிரிப்பாய், நான் அழுவேன், இரண்டு பேருக்கும் பாதிதான் விளங்கும். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். மலாக்கி சித்தப்பா இறந்துவிட்டார் என்று அவர் மனைவி பெரில் சித்தி சொன்ன அந்தத் திங்கட்கிழமை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்றபோது, "தாத்தாவோட தம்பி சாவுக்குத் தாத்தா இல்லாம நீ மட்டும் எதுக்கும்மா? சக்கர நாற்காலிக்கு எல்லாம் கப்பல்ல இடம் இருக்கு, கூட்டிட்டுப் போ" என்று சொன்னது நீதான். உலகத்தின் அந்தக் கோடியில் இருந்துகொண்டு சொல்வது சுலபம் என்று அப்போது உன்னை மனசுக்குள் திட்டினேன். இப்போது அந்தத் திட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தாத்தாவின் நிலைமை உனக்குத் தெரியும். டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த நாளிலிருந்து ஆறு வருஷமாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. கால்தான் போயிற்றே தவிர வாய் போகவில்லை. தம்பிமேல் ஏழு வருஷக் கோபம் வேறு. ஐம்பது வருஷமாக ஆகஸ்டு வந்தால் தவறாமல் ஊருக்கு வந்துகொண்டிருந்த மனுஷன் ஏழு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. "அவன் இங்கிலீஷ்காரனாயிட்டான்டி, நம்ம வீட்டு நாற்காலி அவன் பின்பக்கத்துக்கு ஒத்துக்காது" என்பார். ஞாயிறுதோறும் சித்தப்பா போன் செய்வார், இவரும் பேசுவார், பேசி முடித்துவிட்டுத் திட்டுவார். அவர் இறந்த செய்தியைச் சொன்னதும் கறுப்புக் கோட்டை எடுத்துவைக்கச் சொன்னார். "மண்ணுல வைக்கறதுக்கு முன்னாடி அவன் மூஞ்சியைப் பார்த்து ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்றார். திட்டவா, மன்னிக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் சரி, இந்த மனுஷனைத் தம்பியிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும், சேர்க்காவிட்டால் அந்தக் கோபத்தோடேயே இவரும் போய்விடுவார் என்ற ஒரே பயம்தான் எனக்கு.

அடக்கம் எப்போது என்று நான் பெரில் சித்தியைக் கேட்கவே இல்லை. எதற்குக் கேட்க? ஞாயிறு இறந்தால் செவ்வாய் வீட்டில் கூட்டம், புதன் பூசையும் அடக்கமும். நான் பிறந்ததிலிருந்து வேறு மாதிரி பார்த்ததில்லை. திங்கள் சாயங்காலமே டப்ளினுக்கு வந்து தங்கினோம், செவ்வாய் காலைக் கப்பல். காரில் முன்னால் தாத்தா, பின்னால் மடித்த நாற்காலி, இரண்டு பெரிய டப்பாவில் ஹாம் சாண்ட்விச், ஒரு பழக் கேக், செத்தவருக்காகக் கோவிலில் பூசை சொல்லியிருக்கிறோம் என்று எழுதிப் பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பிய பதினொரு பூசை அட்டை. துறைமுகத்தில் சீட்டுப் பார்க்கிறவன் ஜன்னலில் குனிந்து, ஐயா படி ஏறுவாரா, லிஃப்ட் பக்கமாக நிறுத்தச் சொல்லட்டுமா என்று என்னைக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் தாத்தா, "எதுக்குப்பா உங்களுக்குச் சிரமம், நான் நல்லாத்தான் இருக்கேன், ஓடியே ஏறிடுவேன்" என்றார். அவன் நம்பிவிட்டான். கொண்டுபோய்க் கடைக்கோடியில் நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் கார், கதவே முழுசாகத் திறக்கவில்லை, நாற்காலியை எங்கே விரிப்பது? கப்பல் கிளம்பும்போது கீழே யாரும் இருக்கக்கூடாதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மஞ்சள் சட்டை போட்ட இரண்டு கப்பல்காரர்கள் வந்தார்கள். பக்கத்துக் கார்க்காரரை மேலேயிருந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, அவர் காரை நகர்த்தி, அவருக்கு முன்னால் இருந்ததையும் நகர்த்தி, தாத்தாவைக் குழந்தையைப்போல் தூக்கி உட்காரவைத்தார்கள். இவர் நடுவில் உட்கார்ந்துகொண்டு பிஷப் போலத் தலையசைக்கிறார். லிஃப்டில் ஏற்றிவிட்டு அதில் ஒருவன், "ஐயா, நீங்க ஓடி ஏறினதை நான் என் கண்ணால பார்த்துட்டேன்" என்றான். தாத்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன், அதுதான் குறை.

நாலரை மணிக்குக் கவென்ட்ரி. சித்தப்பா தெருவில் எங்கே வேண்டுமானாலும் கார் நிறுத்தலாம், அவ்வளவு காலி. வீட்டு வாசலில் ஒரு ஆள் இல்லை. "ஐம்பது வருஷம் இந்த ஊர்ல உழைச்சிருக்கான், நாலு பேர்கூடவா வரல?" என்றார் தாத்தா. பெரில் சித்தி ஏப்ரனோடு கதவைத் திறந்தாள். கறுப்புக் கோட்டில் எங்களைப் பார்த்து, கையில் சாண்ட்விச் டப்பாவையும் பார்த்து, "அடக்கத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கே" என்றாள். அவர்கள் ஊரில் அப்படித்தானாம், வாரக்கணக்கில் ஆகுமாம், இது தெரியாதா என்று கேட்கிறாள். எனக்கு வாசலிலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் தாத்தா அதைக் காதில் வாங்கவே இல்லை. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு படி இருந்த இடத்தில் சரிவாகச் சிமெண்ட் பாதை, ஓரத்தில் கைப்பிடிக் கம்பி. நாற்காலியைத் தள்ளினேன், எங்கேயும் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. நடையில் இதைப்போலவே இன்னொரு சக்கர நாற்காலி, மடித்து, மேலே சித்தப்பாவின் தொப்பி.

சர்க்கரை முற்றி ஏழு வருஷத்துக்கு முன்னால் சித்தப்பாவுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன், உங்ககிட்டயே சொல்லலையா?" என்று சித்தி கேட்டாள். பிறகு அவளே, "'அண்ணன் இந்த வயசுலயும் மலை ஏறி ஆடு மேய்க்கறாரு, அவர் முன்னாடி நான் ஒத்தைக் காலோட போய் நிக்கணுமா, கட்டைக் காலு பொருத்திப் பழகிட்டுப் போறேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. பழகவே இல்லை" என்றாள். மலை ஏறுகிறார் என்று சொன்னது யார் தெரியுமா? நான்தான். போன் வரும்போதெல்லாம் தாத்தா கண்ணைக் காட்டுவார், நானும், அப்பா ஆட்டுப் பக்கம் போயிருக்கிறார், இதோ வந்துவிட்டார் என்பேன். அண்ணனும் தம்பியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், அந்தக் குட்டைக்குத் தண்ணீர் ஊற்றியவள் நான்.

திரும்பிப் போகலாம் என்று நான் சொன்னதற்குத் தாத்தா, "துக்க வீட்டுக்கு வந்தவன் டீ குடிக்காமப் போனா நல்லாவா இருக்கும்? வாசக் கதவைத் திறந்து வைங்க" என்றார். அவ்வளவுதான், நாலு நாள் தங்கிவிட்டோம். அந்த ஊரில் துக்கப்படுகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஆறுதல் எழுதிய அட்டையைக் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். சித்தி மூன்று நாளாக ஒரு மனுஷ முகம் பார்க்காமல் சூப்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு குர்மீத் முதலில் எட்டிப் பார்த்தார், வரலாமா என்று கேட்டார், தாத்தா அதட்டினார், "கேட்டுட்டா வருவாங்க துக்கத்துக்கு? உள்ள வாங்க, என் தம்பியைப் பத்தி ஏதாவது கெட்டதாச் சொல்லுங்க!" புதன்கிழமை அடுப்படியில் பதினாலு பேர். ஒரு பக்கம் என் சாண்ட்விச், ஒரு பக்கம் குர்மீத் வீட்டுச் சமோசா. சித்தப்பா சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார் என்று ஒருவர் சொல்ல, சித்தி சிரித்தாள் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். தாத்தாவுக்கோ அந்த வீட்டில் எல்லாமே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. குளியலறையில் உட்கார்ந்து குளிக்கப் பலகை, கைக்கெட்டும் இடத்தில் கம்பி, அகலமான கதவு. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தானே குளித்தார். உள்ளே சீட்டியடிக்கிற சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை, அடக்க ஏற்பாடு செய்கிற நிலையத்தில் சித்தப்பாவைப் பார்க்க நேரம் கொடுத்திருந்தார்கள். அங்கே சவப்பெட்டியைத் திறந்து மேசைமேல் உயரமாக வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மரப்பலகைதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. தாத்தா கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார், வாய் திறந்து கேட்கவில்லை. எங்கே கேட்பார்? அங்கே வேலை பார்க்கிற, சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு பெண் இதைக் கவனித்தாள். குனிந்து எதையோ அழுத்தினாள், மேசை மெதுவாகக் கீழே வந்தது. தாத்தா உட்கார்ந்திருந்த உயரத்துக்குத் தம்பியை இறக்கி வைத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பெண் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். தாத்தா தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழு வருஷமாகச் சேர்த்துவைத்த திட்டு ஒன்றும் வரவில்லை. முழங்காலை மூடியிருந்த கம்பளியை எடுத்து என்னிடம் கொடுத்தார். "பாருடா மலாக்கி, இதான் என் காலு. ஆறு வருஷமா நான் எந்த மலைக்கும் போகல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ பெரிய பொய்யன்டா. நான் உனக்கு அண்ணன், அதனால உன்னைவிடப் பெரிய பொய்யன்" என்றார். கால் மணி நேரம் கொடுத்த இடத்தில் மூன்று மணி நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாரும் எங்களை எழுப்பவில்லை.

அடக்கம் வரை இருக்க முடியவில்லை. தாத்தாவின் மாத்திரை தீர்ந்துவிட்டது, உன் அப்பாவும் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். நாளை மறுநாள் அங்கே அடக்கம், அதே நேரத்துக்கு இங்கே நம் கோவிலில் பூசை சொல்லியிருக்கிறேன். கிளம்பும்போது நான் தேதி கேட்காமல் வந்ததற்குச் சித்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு எல்லாரும் வருவாங்க டிம்ப்னா. யாரும் வராத நாள்ல நீங்க வந்தீங்க" என்றாள். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் இது ஒன்றுக்காகத்தான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

திரும்பும் கப்பலில் தாத்தா என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "எனக்குக் காலுதான் போச்சு, கண்ணு போகல. உன் இடுப்பு எத்தனை நாளா இப்படி? அந்தப் பையன்கிட்டச் சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லவில்லை ரூரி. இரண்டு வருஷமாகிறது. வலது இடுப்பில் எலும்பும் எலும்பும் உரசுகிறதாம், மாற்ற வேண்டுமாம், வரிசையில் என் முறை வரப் பதினாலு மாதம் ஆகுமாம். மாடியிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்குகிறேன். கவென்ட்ரியில் தாத்தாவின் நாற்காலியை நான் தள்ளினேன் என்று நினைக்காதே, அதைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். வழியில் அவருக்காக நிறுத்துகிறேன் என்று சொல்லி நிறுத்தியதெல்லாம் எனக்காகத்தான். நவம்பரில் உன் கல்யாணத்துக்கு வரமுடியாது, தாத்தாவை யார் பார்ப்பார்கள் என்று சொன்னேன் அல்லவா, அதுவும் பொய். டெஸ்ஸா வீட்டார் முன்னால் நொண்டிக்கொண்டு வந்து நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்கு இது தெரிந்தால் ஓடிவந்துவிடுவாயோ என்ற பயமும் இருந்தது. தாத்தாவுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது, அவரே சொல்லிவிட்டார், "மூணு வாரம் என்னை அந்த முதியோர் விடுதியில போடு, அங்க இருக்கறவங்களைத் திட்டி முடிக்க எனக்கும் மூணு வாரம் வேணும்" என்று.

ஆகவே நான் வருகிறேன். டிக்கெட் எடுக்கும்போது, அம்மா படி ஏறமாட்டார், தூரம் நடக்கமாட்டார், சக்கர நாற்காலி வேண்டும் என்று நீயே எழுதிவிடு, என்னைக் கேட்காதே, கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். டெஸ்ஸாவுக்கு என் அன்பு. ஆண்டவர் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுசும், ஒருவருக்கொருவர் உள்ளதை உள்ளபடி சொல்லும் தைரியமும் தரட்டும். உங்கள் ஊர் வெலிங்டன் விமான நிலையத்தில் நடந்து வருகிறவர்கள் கூட்டத்தில் என்னைத் தேடாதே. எல்லாரும் போனபிறகு, யாரோ தள்ளிக்கொண்டு வருவார்கள், அது நான்தான். பயப்படாமல் ஓடிவந்து கட்டிக்கொள்.

உன்னைப் பார்க்கப்போகிற,
அம்மா