பாயில் இருந்த பச்சைச் சேலை

மட்டாஞ்சேரி
28.11.1971

அன்புள்ள செண்பகத்துக்கு,

நீயும் அம்மாவும் சுகந்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. மிளகு மூட்டை தூக்கித் தூக்கித் தும்மல்தான் நிற்கவில்லை.

இந்தக் கடிதத்தில் கூடுதலாக ஒரு ஸ்டாம்பு இருக்கும். அது வங்காளத்து அகதிகளுக்காக. சாயாக்கடை ரேடியோவில் தினமும் அந்தச் சண்டைச் செய்திதான். இங்கிருந்து அது வெகுதூரம், பயப்படாதே.

போன ஞாயிறு எங்கள் மிளகுக் கிட்டங்கி கோயா இக்கா அகதிகளுக்குத் துணி கேட்டு அறைக்கு வந்தார். ஆளுக்கொரு வேட்டி கொடுத்தோம்.

"முண்டு போதுமடா. அங்க பெண்ணுங்களுக்கு மாத்தி உடுக்க ஒண்ணுமில்ல. சேலை உண்டோ?" என்றார்.

ஆம்பிளைகள் அறையில் சேலைக்கு எங்கே போவது என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போர்த்திக்கொள்ள நீ கொடுத்த பச்சைச் சேலை என் பாயில்தான் கிடந்தது. சோப்புப் போடத்தான் மனம் வரவில்லை. போட்டு, காயவைத்து, மறுநாள் கொடுத்துவிட்டேன். இப்போது செய்தி கேட்கும்போதெல்லாம் அது யார் கையில் போய்ச் சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இங்கே குளிரில்லை. ஆனாலும் தூக்கம் பிடிக்கவில்லை. லீவில் ஊருக்கு வந்திருக்கும் மாடக்கண்ணு இங்கே திரும்பி வரும்போது அவனிடம் வேறொரு பழைய சேலை கொடுத்தனுப்பு.

லாரி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன்
இசக்கிமுத்து

இந்த வரியை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே: துவைக்காமல் அனுப்பு.