கல்லோடு வந்த சத்தம்

நாள் 88 – காலை 07:10
செவ்வாய்க்கிரகம், வடமேட்டு வீடு. பிலோமி பதிவு. காற்று சரி. அழுத்தம் சரி. உப்புத்தண்ணி மீன்தொட்டி 26 டிகிரி. கஸ்பார் அண்ணன் தூத்துக்குடியிலிருந்து அனுப்பிய பவளக்கல்லைத் தொட்டியில் இறக்கியாச்சு. பொந்தில் ஏதாவது ஜந்து ஒளிஞ்சிருந்தால் தெரியட்டும்னு ஒரு மாசம் தனி வாளியில் ஊறப்போடச் சொன்னான். குடிக்கவே தண்ணி அளந்து வருது, தனி வாளிக்கு எங்கே போறது? என் கோமாளி மீன் பொட்டு அந்தக் கல் பொந்தில் குடியேறிடுச்சு. இங்கே எனக்கென்று இருக்கிற ஒரே உயிர்.

நாள் 90 – காலை 06:30
கல்லில் ஒட்டி வந்தவை: முடிப்புழு ஒன்று, நத்தை ரெண்டு. இன்னொன்றும் இருக்கு. டக் டக்கென்று சத்தம் மட்டும், ஆளைக் காணோம். பூமியில் மீன்தொட்டிக் குழுவுக்குப் படம் அனுப்பினேன். சேதி போக இருபது நிமிஷம், பதில் வர இருபது நிமிஷம். வந்த பதில்:
"அக்கா, படம் தெளிவா இல்லை. வேற கோணத்துல எடுங்க."

நாள் 91 – பகல் 13:05
நத்தை ரெண்டும் ஓடு உடைந்து கிடக்கு. முடிப்புழு வேலைன்னு ஒருத்தர், நண்டுன்னு இன்னொருத்தர். என்னை விட்டுட்டு அவங்களுக்குள்ளேயே சண்டை. புழுவைப் பிடித்துத் தொட்டிக்கு வெளியே எறிஞ்சேன், கையெல்லாம் அதோட முள். சத்தம் நிக்கல.
"வெளிச்சம் பத்தலை. கேமராவைத் துடைச்சிட்டு எடுங்க."
துடைக்கிறேன் ராசா. உன் மூஞ்சியையும் சேர்த்துத் துடைக்கிறேன்.

நாள் 93 – மாலை 16:20
பொட்டுவுக்குப் பாதி வாலைக் காணோம். சத்தம் எப்பவும் பின்கண்ணாடிப் பக்கம்தான். மணலுக்குள் குழி தோண்டி இருக்கு போல. பின்கண்ணாடி வேறெதுவும் இல்லை, வீட்டு ஜன்னல். கண்ணாடி தட்டுப்பாடுன்னு ஜன்னலையே தொட்டிச் சுவராக்கினவள் நான்தான். புத்தி எங்கே போச்சோ. அதில் இப்போ விரிசல். அந்தப் பக்கம் சுவாசிக்கக் காற்று கிடையாது. கடைசியா ஒரு படம் அனுப்பிட்டேன்.

16:41
அழுத்தம் இறங்குது. பொட்டு பொந்தை விட்டு வரமாட்டேங்குது. வந்து தொலையேன்டி என்று கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் கல்லோட தூக்கிக் குக்கரில் போட்டு, தொட்டித் தண்ணி ஊற்றி மூடிக்கிட்டு உள்ளறைக்கு ஓடிவந்து கதவை அடைச்சேன்.

16:52
ஜன்னல் போச்சு. அந்த அறையே போச்சு. அந்தப் பாழாப்போனதும் ஒழிஞ்சுது. பொட்டு பிழைச்சுட்டா. குக்கரை மடியில் வெச்சுக்கிட்டு அழறேன். வெட்கமா இருக்கு, ஆனா அழறேன்.

17:03
"அக்கா, இந்தப் படம் தெளிவா இருக்கு. அது இறால் ஜாதி, சம்மட்டி மாதிரி அடிச்சுக் கண்ணாடியையே உடைக்கும். அடிச்சிட்டுத் திரும்பக் கல் பொந்துக்குள்ளதான் ஒளியும். கல்லை மட்டும் எடுத்து வெளியில போடுங்க, மீன் தப்பிச்சிடும்."

17:04
குக்கருக்குள் டக்.
மூடி திறக்க வரல, அழுத்தம் இறங்கினப்போ மூடினது, இறுகிக் கிடக்கு. பொட்டு, இரு, கொஞ்சம் இரு