எடை அட்டை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்தால் பதில் சொல்கிற நிலையில் நீ இல்லை என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன், முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

மற்றவர் வாயால் நீ கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன் பிள்ளையை, நம் வாலுவைக் குத்திக் கொன்றவனுக்குத் தூக்குத் தேதி குறித்துவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் சிறையில்தான். பதினொரு வருஷமாகத் திறக்காத தூக்குமேடைக் கதவுப் பலகைகள் ஈரத்தில் ஊதி இறுகிக் கிடக்கின்றன. இங்கே தச்சன் நான் ஒருவன்தான். இழைத்துச் சரிசெய்யச் சொன்னார் கண்காணிப்பாளர். "என்னால முடியாதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அவன்தான் செய்தான். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் ஒருவனைக் கட்டிவைத்து, நாள் குறித்து, அளவெடுத்துக் கொல்வது அரசாங்கம் செய்தாலும் கொலைதான். யாரையுமே தூக்கில் போடக் கூடாது. கோபித்துக்கொள், திட்டு. என் முடிவு மாறாது.

உன் தம்பி

ஜூன் 7

தம்பிக்கு,

முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. வயிறுதான் எரிகிறது. அதே பலகையைப் பதினொரு வருஷத்துக்கு முன் இழைத்தவன் நீதானே? யாருக்காகவோ ஓடிய இழைப்புளி, உன் தோளில் வளர்ந்தவனுக்காக ஓடாதா? நல்ல தாய்மாமன் போ!

அவன் கடைசியாகப் போட்ட கருணை மனுவைப் பற்றி என் கருத்தைக் கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். 'தூக்கில் போடுங்கள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. வியாழக்கிழமை நானே சிறைக்கு வந்து கொடுக்கப்போகிறேன். உன் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன்.

வாலுவின் அறைக் கதவு மழையில் ஊதி மூட மாட்டேன் என்கிறது. "மாமா வரட்டும், அவர் கை வச்சாத்தான் சரியாகும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அது அப்படியே கிடக்கட்டும். நீ வர வேண்டாம்.

அக்கா

ஜூன் 9

அக்கா,

ஆமாம், அன்று இழைத்தேன். தூக்கில் போகிறவனின் எடைக்கு மணல் மூட்டையைக் கட்டிச் சோதித்தபோது பலகை வழுக்கிக்கொண்டு திறந்தது. "என்ன கைநேர்த்திப்பா உனக்கு!" என்று அதிகாரி முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. வாலுவின் பெயரால் அதை இன்னொரு தடவை செய்ய மாட்டேன்.

நீ படிவத்தைக் கொடு. அது உன் உரிமை. ஆனால் என்னோடு பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. சண்டை போடக்கூட எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

தம்பி

ஜூன் 14

தம்பி,

சிறைக்குப் போனேன். கண்காணிப்பாளர் அறைக்குப் போகிற வழியில், உனக்குப் பதிலாக வெளியிலிருந்து கூட்டி வந்த ஆள் ஒருவன் மூட்டையிலிருந்து மணலை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் தராசு, அதற்கு மேல் ஓர் எடை அட்டை. சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு நான் எழுதுகிற அதே மாதிரி அட்டை. முப்பது வருஷ நர்ஸ் கண் இல்லையா, தானாகப் படித்துவிட்டது. ஆறு வாரத்தில் ஏழு கிலோ குறைந்திருந்தது.

"எடை இறங்கிட்டே போகுதே, சரியா சாப்பிடறானா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதனாலதாம்மா மணலையும் குறைக்கிறேன்" என்றான் அந்த ஆள்.

யாருக்காகக் கேட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. என் பிள்ளையைக் கொன்றவனுக்காக! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். உள்ளேயே கிடந்து கிழவனாகட்டும். ஆனால் எடை குறைந்தால் சாப்பாட்டைக் கூட்டச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மணலைக் குறைக்கச் சொல்லத் தெரியாது. படிவத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'கொல்ல வேண்டாம். இவனை மட்டுமல்ல, யாரையும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் தூக்கு நிற்குமா, தெரியாது. நிற்கும்வரை மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருப்பேன்.

வேலையும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்கிறாய்? இழைப்புளியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. வாலுவின் கதவு இன்னும் மூடவில்லை.

அக்கா