பத்துக்கு எட்டு

சண்டிலிப்பாய்
9.2.1986

அன்பின் றோஸ்,

அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். கோட்டைப் பக்கம் ஷெல் விழுந்ததாம் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் உன் வீட்டு நினைவுதான் வரும். அவ்வளவுக்கு நல்லவள் நான். மிச்சத்தையும் வாசித்துவிட்டு அதைச் சொல்.

பட்மின்ரன் சங்கத்தின் அழைப்பிதழ் நேற்று வந்தது. மார்ச் பதினாறாம் திகதி பின்னேரம் உனக்குப் பொன்னாடை போர்த்தி 'நேர்மையின் சிகரம்' என்று பட்டம் கொடுக்கப் போகிறார்களாம். போர்த்துகிறவள் நானாம்! மூன்று வருடத்துக்கு முந்திய அந்த இறுதி ஆட்டத்தில் கிண்ணம் எடுத்தது யார் என்று அதில் ஒரு வரி இல்லை. என் பெயருக்குப் பக்கத்தில் 'எதிர் வீராங்கனை' என்று அச்சடித்திருக்கிறார்கள்.

எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். போன மாதம் உடுப்பிட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என் கையால் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, "நீர்தானே பிள்ளை அந்த றோஸ் விட்டுக்குடுத்த ஆள்?" என்று கேட்டா. பிறகு சாதகம் பொருந்தவில்லையாம். அதற்கு நீ என்ன செய்வாய்? ஆனாலும் நான் உன்னைத்தான் திட்டினேன்.

வென்றது நான். ஊர் மெச்சுவது உன்னை. நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
எதிர் வீராங்கனை மீனாம்பிகை

*

குருநகர்
17.2.1986

என் மீனாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு காலம்! அது என்னை ஏசத்தான் வந்தது என்றாலும் சந்தோசம். நேவிக்காரர் கடலுக்குப் போக விடுகிறார்களில்லை. ஐயா தொழிலில்லாமல் வீட்டில் இருந்துகொண்டு எங்கள் எல்லோரையும் ஏசுகிறார். நீயும் சேர்ந்துகொள்.

பட்டத்தை நான் கேட்கவில்லை. எல்லாம் சோமசேகரம் மாஸ்டரின் வேலை. அன்றைக்கு அம்பயராக இருந்தவர் அல்லவா, போகிற இடமெல்லாம் சொல்லித் திரிகிறார். அப்படி என்னதான் நடந்தது? பத்துக்கு எட்டு. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் நான் வெற்றி. சேர்வ் போட்டேன், ஷட்டில் உன் பின்கோட்டில் விழுந்தது. நீ கையைத் தூக்கி, றெடியில்லாத நேரம் போட்டுவிட்டாள் என்றாய். மாஸ்டர் ஏற்கவில்லை. நான் வலைக்குக் கிட்டப் போய், "ஓம் மாஸ்டர், அவள் றெடியில்லை. திருப்பிப் போடுறன்" என்றேன். திருப்பிப் போட்டேன். அதிலிருந்து நீ விடாமல் அடித்து வென்றாய்.

கிண்ணம் உன் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. என்னிடம் அந்தச் செய்தி வந்த பேப்பர்த் துண்டொன்றுதான் இருக்கிறது. அதற்குமா பொறாமை? வா மீனா. நீ போர்த்தாவிட்டால் எனக்கு அது வேண்டாம்.

அன்புடன்,
றோஸ்

*

சண்டிலிப்பாய்
23.2.1986

றோஸ்,

இப்படி இனிக்க இனிக்க எழுதாதே. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

கேள். நான் அன்றைக்கு றெடிதான். உயரமாய் வந்த ஷட்டிலை அடிக்க றக்கற்றைத் தூக்கினேன். கோட்டுக்கு வெளியே போகிறதென்று நினைத்து விட்டுவிட்டேன். அது கோட்டிலேயே விழுந்தது. அதற்குப் பிறகுதான் என் கை எழும்பியது. அடிக்க ஓங்கியவள் றெடி என்பதுதான் சட்டம். பள்ளிக்கூடத்தில் நான் பழக்குகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்கிறேன், வெட்கமில்லாமல்.

நீ என் பொய்யை நம்பினாய். உன் இடத்தில் நான் நின்றிருந்தால் உன்னை நம்பியிருக்க மாட்டேன். அந்த நல்ல மனதில்தான் எனக்குப் பொறாமை, பேப்பர்த் துண்டில் இல்லை. என்னை மேடையில் ஏற்றினால் வாய் சும்மா இருக்காது. உள்ளதைச் சொல்லிப்போடுவேன். பிறகு அந்தப் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பது? என் பெயரை வெட்டச் சொல்.

மீனாம்பிகை

*

குருநகர்
2.3.1986

மீனா,

உன் கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தவக்காலம். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதை என்னட்டைச் சொல்லி என்ன பிள்ளை? அவளிட்டைச் சொல்லு" என்றார்.

நான் உன்னை நம்பவில்லையடி. உன் றக்கற் தோளுக்கு மேலே எழும்பி இறங்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

நாலு வருடம் நீதான் சம்பியன். நான் என்ன அடித்தாலும் சனம் உனக்குத்தான் கைதட்டும். வென்றாலும் குருநகர்க்காரி ஏமாற்றி வென்றாள் என்றுதான் சொல்லுவார்கள் என்று பட்டது. விட்டுக்கொடுத்தால் ஒரு நாளாவது எனக்குத் தட்டுவார்கள். அதோடு, அடுத்த சேர்வில் எப்படியும் வெல்லுவேன், பெயரும் கிண்ணமும் சேர்ந்தே வரும் என்று நினைத்தேன். பேராசை. நீ கிண்ணத்தைத் தூக்கினபோது பின்னால் போய்க் குழாயடியில் நின்று அழுதேன். மனம் உருகி அழுகிறாள் என்று மாஸ்டர் அதையும் சொல்லித் திரிகிறார்.

இப்போது நான் எந்த முகத்தோடு பொன்னாடைக்குத் தோளைக் கொடுப்பது?

றோஸ்

*

சண்டிலிப்பாய்
8.3.1986

அடி கள்ளி,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாந் தரம் சிரித்த சிரிப்பில் அம்மா புகையிலைத் தோட்டத்திலிருந்து ஓடி வந்தா. மூன்றாந் தரம் வாசிக்கும்போது திரும்பவும் பொறாமை. உன்னை நீயே ஏசி எழுதுவதையும் என்னைவிட வடிவாய் எழுதுகிறாய்.

என் பெயரை வெட்ட வேண்டாம். நான் வருகிறேன். ஆனால் அந்தப் பட்டத்தோடு உன்னை வீட்டுக்குப் போக விடமாட்டேன், நானும் 'எதிர் வீராங்கனை'யாக இருக்கமாட்டேன். யாராவது ஒருத்தி மேடையில் இரண்டு பேரின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். அது நீயா நானா என்று நாங்களே பார்ப்போம்.

பதினாறாம் திகதி விடிய ஆறு மணிக்கு, காற்று எழும்ப முதல், சங்கத்துக் கோர்ட்டுக்கு வா. மாஸ்டர் வேண்டாம். சனம் வேண்டாம். விட்ட இடத்திலிருந்து ஆடுவோம். தோற்கிறவள் பின்னேரம் எழும்பிச் சொல்ல வேண்டும். வென்றவள் முன்வரிசையில் இருந்து கேட்க வேண்டும். எனக்காக விட்டுக்கொடுத்தாயோ, கொன்றுபோடுவேன்.

பத்துக்கு எட்டு. சேர்வ் உன்னுடையது.

நான் றெடி.

மீனா