தாரேயின் கன்னத்தெலும்பு

சியோல், அப்குஜோங்
நவம்பர் 11

என் செல்லத் தங்கை தாரேவுக்கு,

அக்கா மிரான் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். டாஸ்மேனியாவில் செர்ரித் தோட்ட வேலையோடு நீயும் நலமாகத்தான் இருப்பாய். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்காதே. நான் வாயைத் திறந்தாலே, "சிக்னல் இல்லக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே!

நீ அனுப்பிய ஒப்புதல் படிவம் வந்து சேர்ந்தது. ஜனவரி இருபது, கன்னத்தெலும்புக் குறைப்பு, அதுவும் நான் ஆலோசகராக வேலை பார்க்கும் இதே மருத்துவமனையில். எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டாய். படித்தாயா என்று கேட்டால், "மென்மையான வரையறை, தற்காலிக உணர்வு மாற்றம், எல்லாம் தெரியும்க்கா" என்று எங்கள் விளம்பரக் கையேட்டை ஒப்பிக்கிறாய். அடிப்பாவி, அந்தக் கையேட்டை எழுதினதே நான்தான்! பயந்தவர்களும் தைரியமாக உள்ளே வரும்படி எழுதினேன். என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி அதை நம்பிக் கிளம்புவாள் என்று கனவா கண்டேன்?

காரணத்தை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ கட்டிக்கொள்ளப்போகும் தேயுலின் அம்மா உன் போட்டோவை முக ஜோசியரிடம் காட்டினாராம். "கன்னத்தெலும்பு இவ்வளவு தூக்கலா இருந்தா புருஷனுக்கு ஆகாது" என்றாராம் அந்த ஆள். கேட்டதும் சிரித்துப் புரையேறிவிட்டது எனக்கு. உன் கன்னம் அம்மாவின் கன்னம்தானே? அந்தக் கன்னத்தோடு அப்பா முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டார். இன்றைக்கும் காலையில் இரண்டு கிண்ணம் சோறு, மேலே கிம்ச்சிக் குழம்பு, பிறகு மலையேற்றம். "புருஷனுக்கு ஆகாதுன்னா எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா" என்று அம்மாவைச் சீண்டிக்கொண்டிருக்கிறார். அம்மா கரண்டியைத் தூக்கிவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது நான் சொல்வது கையேட்டில் இல்லாத பாஷை.

வரையறை என்றால் எலும்பை ரம்பத்தால் அறுப்பது. வாய்க்குள் ஒரு வெட்டு, காதுக்கு முன்னால் ஒரு வெட்டு. இரண்டு இடத்தில் அறுத்து, எலும்பை உள்ளே தள்ளுவார்கள். நிலைநிறுத்தல் என்பது டைட்டானியம் தகடும் திருகும். அப்பா அலமாரி மாட்டுவாரே, அதேதான், சுவருக்குப் பதில் உன் மூஞ்சி. இணைவுக் குறைவு என்று சின்ன எழுத்தில் ஒன்று இருக்கும். எலும்பு ஒட்டவில்லை என்று அர்த்தம். மெல்லும்போது டக் டக் என்று கேட்கும். மென்திசுத் தளர்வு என்றால் கன்னம் தொங்கிப்போவது. அதைத் தூக்கிக் கட்ட இன்னொரு சிகிச்சை இருக்கிறது, அதற்கும் நான்தான் அழகாகப் பெயர் வைத்தேன். இதெல்லாம் எல்லாருக்கும் வருவதில்லை. எங்கள் டாக்டர் கெட்டிக்காரர், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குத் தேநீர் கொடுப்பவளும் நான்தான்.

இன்னும் ஒரு வார்த்தை பாக்கி. போன சூசோக் பண்டிகையில் என் மோவாயில் கொழுக்கட்டையின் எள் பூரணம் வழிய உட்கார்ந்திருந்தேன், நினைவிருக்கிறதா? "அக்கா தின்னிப் பண்டாரம்" என்று நீ போட்டோ கூட எடுத்தாயே. எனக்கு அது ஒட்டியிருப்பதே தெரியாது தாரே. பதினோரு வருஷத்துக்கு முன் தாடையைச் செதுக்கிக்கொண்டேன் அல்லவா, அன்றிலிருந்து இடது பக்கக் கீழுதடும் மோவாயும் மரத்துக் கிடக்கின்றன. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அதைத்தான் கையேட்டில் தற்காலிக உணர்வு மாற்றம் என்று எழுதியிருக்கிறேன். பலருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடுகிறது, அதனால் அது முழுப்பொய் இல்லை. எனக்குச் சரியாகவில்லை.

வருத்தப்படுகிறாயா என்று கேட்பாய். இல்லை. என் தாடை எனக்குப் பிடித்திருக்கிறது, கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது. ஆசைப்பட்டவள் நான், விலை கொடுத்தவளும் நான். நீ கொடுக்கப்போகிறாயே, அது யாருடைய ஆசைக்கு? தேயுலிடம் கேட்டாயா? பாவம், அந்தப் பையன் உன் கன்னத்தைப் பார்த்துத்தானே பின்னாலேயே சுற்றினான்!

உனக்கே வேண்டும் என்றால் செய்துகொள். நானே மயக்க அறை வாசலில் நிற்கிறேன், வீக்கம் வடியப் பூசணிக் கஞ்சி வைத்துத் தருகிறேன், உன் உப்பிய மூஞ்சியைப் பார்த்துச் சிரித்தும் தொலைக்கிறேன். ஜோசியருக்காக என்றால் வேண்டாம்டி.

படிவத்தில் பாதுகாவலர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாய். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஜனவரியில் வா. எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தத்தை உன் வாயால் சொல், அப்புறம் போடுகிறேன். கோபம் வந்தால் வரட்டும். நான் தாடைக்குப் போன அன்றைக்கு அந்தக் கட்டத்தில் எழுத எனக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை, வெறுமையாகவே கொடுத்துவிட்டேன். உனக்கு என் பெயர் தோன்றியிருக்கிறது. அந்த எழுத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே.

ஏணியில் பார்த்து ஏறு. நன்றாகச் சாப்பிடு. நீ நூறு வயது இருக்க வேண்டும், எந்த முகத்தோடு இருந்தாலும் சரி.

உன் பாதுகாவலர்,
மிரான் அக்கா