தோளுக்கு ஏற்ற கை

ராசிபுரம்
8-2-1937

சௌபாக்கியவதி கந்தம்மாளுக்கு உன் புருஷன் சென்னிமலை எழுதிக்கொண்டது. இங்கே என் வலது தோளைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் உன் தம்பி அங்கமுத்துவும் சுகந்தானே.

நீ பிறந்த வீட்டுக்குப் போய் இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். தோள் பிடித்துக்கொண்டது. தறியில் நாடாக் கயிற்றை இழுக்கக் கை எழும்பவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் போட்டு நீவிவிட்டால் மூன்று மாதத்தில் சரியாகும், இல்லாவிட்டால் தறியை மறந்துவிட வேண்டியதுதான் என்கிறார் வைத்தியர்.

பச்சமுத்து என்று ஒருவன் நீவிவிட வந்தான். வாய் நிறைய வெற்றிலை. குனிந்து அழுத்தும்போதெல்லாம் முதுகில் சொட்டு விழுந்தது. "ஏப்பா, என்னமோ சொட்டுது" என்றேன். "எண்ணெய்ங்க, சும்மா படுங்க" என்றான். எழுந்து பார்த்தால் வேட்டியெல்லாம் சிவப்பு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

முன்பெல்லாம் சனிக்கிழமை தோறும் என் தோளுக்கு எண்ணெய் காய்ச்சுவாயே, அதில் என்ன இலை போடுவாய்? உடனே எழுது.

சென்னிமலை

&nbsp;

பள்ளிபாளையம்
15-2-1937

ராசிபுரத்தில் இருக்கும் வீட்டுக்காரர் அவர்களுக்குக் கந்தம்மாள் வணக்கம். நானும் தம்பியும் நலம்.

கார்டு கிடைத்தது. தயவுசெய்து இனிமேல் கவரில் எழுதுங்கள். வெற்றிலை எச்சில் கதையைத் தபால்காரர் தெருவுக்கே படித்துக் காட்டிவிட்டார்.

அரைப்படி நல்லெண்ணெய்க்கு இரண்டு பிடி நொச்சி இலை. இலை முறுகியதும் இறக்கி வடிகட்டுங்கள். கை பொறுக்கும் சூட்டில் கழுத்திலிருந்து கீழ்நோக்கி நீவ வேண்டும். ஒரு நாள் நீவிப் பத்து நாள் விட்டால் பயனில்லை. பொறுமையான ஆளாகப் பாருங்கள்.

என் கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வெள்ளைத் திட்டு முழங்கை வரை ஏறிவிட்டது. வலி ஒன்றும் இல்லை.

உங்கள் பெயரை நான் எழுதக் கூடாதே. மேல்விலாசம் எழுத அங்கமுத்து ஈரோட்டு வேலையிலிருந்து வரவேண்டும். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கந்தம்மாள்

&nbsp;

ராசிபுரம்
20-3-1937

கந்தம்மாளுக்கு,

எண்ணெய் நன்றாகத்தான் இருக்கிறது. ஆள்தான் வாய்க்கவில்லை. தீர்த்தகிரி என்கிற சிலம்ப வாத்தியார் உன் எண்ணெயைத் தொடாமல் உடும்புக் கொழுப்பைப் பூசினார். தறியெல்லாம் ஈ மொய்த்தது. முன்பு நெய்து வைத்திருந்த துண்டிலும் அதே நாற்றம். அடுத்து வந்தவன் மூக்கைச் சிந்தித் தொடையில் துடைத்துக்கொண்டு அதே கையை என் கழுத்தில் வைத்தான். மூன்றாமவன் தோளில் ஏறி மிதிக்கிறேன் என்று காலைத் தூக்கினான். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். எனக்கு வாந்தி வந்துவிட்டது.

கை இப்போது காது வரைகூட எழும்பவில்லை. உன் கை ஒன்றுதான் எனக்குச் சரி. அன்று சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே. கையில் வெள்ளை விழுந்திருப்பதைத் திடீரென்று பார்த்தால் யாருக்கும் அருவருப்பாகத்தான் இருக்கும். அதற்கும் ஒரு வழி செய்துவிட்டேன். நூறாம் நம்பர் நூலில் மெல்லிசாக, இடது கையாலேயே நான்கு நாள் நெய்து, உன் இரண்டு கைக்கும் பை மாதிரி தைத்து அனுப்பியிருக்கிறேன். அதை மாட்டிக்கொண்டு நீவினால் உனக்கும் சங்கடம் இல்லை, எனக்கும் இல்லை. சமையலுக்குச் சௌந்திரம் அத்தை இருக்கிறாள். நீ அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம்.

சீக்கிரம் வண்டியேறி வா.

சென்னிமலை

&nbsp;

பள்ளிபாளையம்
2-4-1937

வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் குமட்டியது. உங்களுக்குப் பழகிய வார்த்தையிலேயே சொல்கிறேன்.

அன்று நான் உங்கள் தோளில் கை வைத்தபோது, "அந்தக் கைய எம்மேல வெக்காத, போய்க் களுவு" என்றீர்கள். சாம்பல் போட்டுத் தோல் உரியும் வரை கழுவினேன். இந்த வெள்ளை யாருக்கும் ஒட்டாது என்று ஈரோட்டு டாக்டர் சொன்னதை அங்கமுத்து உங்களிடம் வந்து சொன்னான். நீங்கள் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

எதிர்வீட்டு ராசம்மாள் பிரசவத்துக்குப் பிறகு இடுப்புப் பிடித்துக் கிடந்தாள். வேறு ஆள் கிடைக்காமல் நான் நீவினேன். இப்போது செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஐந்தாறு பெண்கள் வருகிறார்கள். நடக்க முடியாமல் இருந்த ஜானகியம்மாள் போன வெள்ளிக்கிழமை தானாக நடந்து வந்தாள். எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கை பட்டாத்தானுங்க எனக்குத் தூக்கம் வருது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர்களை விட்டுவிட்டு நான் அங்கே வருவதற்கில்லை.

உங்கள் தோள் கெட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் புதுச்சத்திரத்தில் மாரி என்று ஒருவர் இருக்கிறார். அங்கமுத்துவுக்குக் கால் பிசகியபோது அவர்தான் நீவிச் சரிசெய்தார். வெற்றிலை போடமாட்டார், நகம் வெட்டியிருப்பார். வாரம் இரண்டு நாள் தவறாமல் போங்கள். அவரிடமும் ஏதாவது அருவருப்பைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் தறி போய்விடும்.

நீங்கள் அனுப்பிய துணிப்பை நல்ல நெசவு. சூட்டோடு எண்ணெய்ச் சட்டியை இறக்க மடித்து வைத்துக்கொண்டேன்.

அங்கமுத்து இன்று வீட்டில்தான் இருக்கிறான். அவனைக் கூப்பிடவில்லை. கவரின் மேல் உங்கள் பெயரை நானே எழுதிவிட்டேன்.

கந்தம்மாள்