கணவாயில் எடுத்த கல்

பிஷ்கெக்
ஏப்ரல் 9

அன்புள்ள தம்பி எர்மெக்குக்கு,

அன்புள்ள என்று எழுதியது பழக்கதோஷம். இப்போது உன்மேல் எனக்கிருப்பது கோபம்தான். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. ஆடுகள் குட்டி போட்டுவிட்டன. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெர்மனியிலிருந்து நீ வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நம் மலையின் பாறை அடுக்குகள் மடிந்து முடிந்த பிறகுதான், பெரிய பிளவு வழியாகப் பொன் ஏறி வந்ததாம். கல்லின் வயதே சாட்சியாம். நீ கல் எடுத்ததாக எழுதியிருக்கும் அந்தச் சரிவைக் கோடைக்குக் கோடை அளந்தவள் நான். பொன் இருக்கும் குவார்ட்ஸ் இழை அங்கே பாறையோடு சேர்ந்தே மடிந்து கிடக்கிறது. பிறகு வந்தது எப்படியடா மடியும்? மண்டையைப் பிய்த்துக்கொண்டு, நீ வயது பார்த்த கல்லின் படத்தைத் தேடினேன். ஒரு பக்கம் துளைக்கருவி போட்ட பள்ளம். அந்தச் சரிவில் யார் துளை போட்டார்கள்?

அப்பாவிடம் காட்டினேன். “இது நான் வெச்ச கல்லாச்சே! இவன் படிக்கக் கிளம்பினப்ப, நல்லபடியா திரும்பி வரணும்னு கீழ பள்ளத்தாக்குல நான் வேலை பார்த்த சுரங்கத்துலேருந்து கொண்டுவந்து கணவாயில வெச்சேன்” என்றார். பிறகு, “மழையில மேல ஏற முடிஞ்சிருக்காது, பாவம். அவனைத் திட்டாத” என்றார்.

திட்டாமல் கொஞ்சவா? கணவாயைத் தாண்டுகிறவர்கள் தங்கள் பள்ளத்தாக்கிலிருந்து கல் கொண்டுவந்து வைக்கும் குவியல் அது. வெளிநாட்டுக்காரன் எடுத்திருந்தால் அறியாமல் செய்தான் என்று விட்டிருப்பேன். நீயும் அங்கே கல் வைத்தவன். நீ சரிவுக்குக் கல் எடுக்கப் போன அந்த மழைநாளில் நான் கூடாரத்தில் காய்ச்சலோடு படுத்திருந்தேன். “பாறையிலேயே உடைச்சேன்க்கா” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். நானும் நம்பித் தொலைத்தேன்.

உன் கட்டுரையைக் காட்டித்தான் பொன் தேடும் கம்பெனிக்காரர்கள் துளை போட அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பிளவு நம் மேய்ச்சல் நிலத்தின் அடியில்தான் ஓடுகிறது. ஜூனில் நம்மவர்கள் குதிரைகளோடு மேலே போகும்போது, புல்லை வழித்துவிட்டுத் துளை போடும் வண்டிகள் நிற்கும். நம் அத்தை என்ன சொல்கிறாள் தெரியுமா? “எர்மெக் எழுதியிருக்கானே, நம்ம புள்ள நமக்குக் கெடுதல் பண்ணுவானா?” என்கிறாள்.

தவறான கல் என்று பத்திரிகைக்கு எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெறு. வேலை போய்விடும் என்பாய். போகட்டும், வீட்டில் உனக்குச் சோறு இருக்கிறது. இந்த மாதம் முழுக்கப் பொறுப்பேன். அதற்குள் நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன். பொய் சொன்னவன் யார் என்று என்னைத்தான் கேட்பார்கள். உன்னைத் தூக்கி வளர்த்த என் வாயால் அதைச் சொல்ல வைத்துவிடாதே.

கடவுள் உனக்குத் தைரியம் தரட்டும்.

உன் அக்கா,
சைகல்